செம்பனைக் காட்டில் ஒரு பிறப்புப் பத்திரம்

நீலாய் நிலையத்தைத் தாண்டியதும் கொமுட்டர் ரயிலின் இருபுறமும் செம்பனை வரிசைகள் தொடங்கிவிடுகின்றன. அடுத்து லாபு, பிறகு திரோய், அதன் பின் சிரம்பான். இடையிடையே புதிய வீடமைப்புத் திட்டங்களின் ஓட்டுக் கூரைகள் தெரிகின்றன. பால் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் இப்போது மாடி வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. 1998-இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் மாநில எல்லையைத் தாண்டிச் சிப்பாங்கில் இருக்கிறது. லாபுவிலிருந்து காரில் கிளம்பினால் நெரிசல் இல்லாத நாளில் அரை மணி நேரத்தில் போய்விடலாம்.

அரை மணி நேரப் பயணம்தான். ஆனால் இந்தத் தோட்டங்களில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளி வாசலைப் பார்த்து வளர்ந்த சிலரால் அந்த விமான நிலையத்தின் குடிநுழைவு முகப்பைக் கடக்க முடிவதில்லை. டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துவிடலாம். கடப்பிதழ் எடுக்க அடையாள அட்டை வேண்டும்; அடையாள அட்டைக்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும்; பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் என்று வர, பெற்றோரின் திருமணப் பத்திரம் வேண்டும். சங்கிலியின் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் மாரியம்மன் கோயிலையும் பழைய லயத்து வீடுகளையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். வெளிநாட்டுத் துணையை மணந்தவர்களும், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து நீலாயிலோ சைபர்ஜெயாவிலோ குடும்பம் நடத்துகிறவர்களும் இந்தத் தோட்டங்களில் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு. ஒரு தாள் தவறினால் அது எத்தனை தலைமுறைக்கு நீளும் என்பதை இங்கே கண்ணெதிரே காணலாம்.

கப்பலில் வந்தவர்களின் காகிதம்

சிரம்பானிலிருந்து ரந்தாவ் வழியாக லிங்கி நோக்கிப் போகும் சாலை, பழைய தோட்டங்களின் ஊடாகவே போகிறது. சிலியாவ், லின்சம், போர்ட்டிக்சன் பக்கம் சுவா பெத்தோங், கிழக்கே பகாவ் வட்டாரத்தில் ஜெராம் பாடாங் என்று ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு கப்பல் பயணம் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் பெயர் கொடுத்து, பினாங்கிலோ அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கியவர்களின் கையில் கடப்பிதழ் இல்லை. கங்காணியின் உரிமச் சீட்டும் முகாமின் பதிவேடும்தான் அவர்களுக்கு அடையாளம். உதவி பெற்று வரும் தொழிலாளர் பயணத்தை 1938-இல் இந்திய அரசு நிறுத்தியது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் மலாயா பக்கத்துக் கதவையும் இறுக்கியது. அதற்குப் பிறகும் ‘ரஜுலா’ கப்பல் சென்னைக்கும் நாகைக்கும் இந்தக் கரைக்கும் இடையே 1970-களின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போவதும் வருவதும் உறவு விட்டுப்போகாமல் இருக்கத்தான். அதனால்தான் பலர் மனத்தில் ‘இங்கே சம்பாத்தியம், அங்கே ஊர்’ என்ற கணக்கு நெடுநாள் நீடித்தது.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது அந்தக் கணக்கு பலருக்குக் காலை வாரிவிட்டது. ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கு என்று சலுகை இருந்தது. பெரட்டுக்கு விடியற்காலையில் நின்று பால் வெட்டப் போகிறவருக்குப் பட்டணத்து அலுவலகம் போய் வர ஒரு நாள் கூலி போகும். பாரத்தை நிரப்பக் கிராணி தயவு வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவர்கள் நிறைய. 1969-க்குப் பிறகு, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும் என்ற சட்டம் முடுக்கிவிடப்பட்டபோது, விட்ட அந்த நாள் வந்து நின்றது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்கள். இங்கேயே தங்கியவர்களில் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு, நிரந்தரவாசிகளாக, தங்கள் ஆயுளை முடித்தார்கள்.

ஒரே லயம், இரண்டு தேதி

சட்டம் ஒரு குடும்பத்தையே எப்படிப் பிரிக்கும் என்பதற்கு இரண்டு தேதிகள் போதும்.

முதலாவது 1962 அக்டோபர். விடுதலை நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடிவு வரை இந்த மண்ணில் பிறந்த எல்லாக் குழந்தைகளும் பிறப்பாலேயே குடிமக்கள். பெற்றோர் யார் என்ற கேள்வி இல்லை. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும் என்று வந்தது. ஆக, 1961-இல் லயத்தில் பிறந்த அக்காளிடம் பெற்றோரின் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. 1963-இல் அதே வீட்டில், அதே மருத்துவச்சி கையில் பிறந்த தம்பி, அப்பாவுடைய அட்டையைத் தேடிக் காட்ட வேண்டியதாயிற்று. அப்பாவிடம் அட்டை இல்லையென்றால்? பிறப்பைப் பதிவே செய்யவில்லையென்றால்? அங்கேதான் ‘நாடற்றவர்’ என்ற சொல் தோட்டத்துக்குள் நுழைந்தது.

இரண்டாவது 1982 மார்ச் 1. முஸ்லிம் அல்லாதோருக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் மாரியம்மன் சன்னதியில் தாலி கட்டியவர்களின் திருமணத்தைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு கோயிலில் தாலி மட்டும் கட்டி, பதிவு செய்யாமல் இருந்தால் அந்தத் திருமணம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. தாத்தா பாட்டியின் தாலி செல்லும். அப்பா அம்மாவின் தாலி செல்லாது.

இது ஏன் பிள்ளையின் கடப்பிதழில் போய் முடிகிறது? அரசமைப்புச் சட்டத்தின்படி, பெற்றோரின் திருமணம் சட்டப்படி பதிவாகவில்லை என்றால், பிள்ளையின் குடியுரிமைக்குத் தந்தையைக் காட்ட முடியாது, தாயைத்தான் பார்ப்பார்கள். தாய் மலேசியர் என்றால் இங்கே பிறந்த பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லை. தாய் தமிழ்நாட்டிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவர் என்றால், அப்பா நான்காம் தலைமுறை மலேசியராக இருந்தாலும் பிள்ளைக்குச் சிவப்பு நிறப் பிறப்புப் பத்திரம்தான் வரும்.

‘பிறகு பதிவு செய்துகொள்ளலாமே’ என்று தோன்றும். 2021 மே 28 அன்று கூட்டரசு நீதிமன்றம் இதே கேள்விக்குத்தான் தீர்ப்புச் சொன்னது. மலேசியத் தந்தைக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் பிறந்த பிள்ளை. குழந்தை பிறந்த சில மாதங்களுக்குப் பிறகே பெற்றோர் திருமணத்தைப் பதிவு செய்தார்கள். ஏழு நீதிபதிகளில் நால்வர், பிள்ளைக்குச் சட்டப்படி தானாகக் குடியுரிமை கிடைக்காது என்றார்கள். மூவர் கிடைக்கும் என்றார்கள். அந்தப் பிள்ளையின் நாட்டை ஒரே ஒரு வாக்கு முடிவு செய்தது. அந்த வாக்கு தேவைப்பட்டதற்குக் காரணம், சில மாதத் தாமதம்.

கிராணி எழுதிய பெயர்

ரந்தாவ் பட்டணத்தில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தால், பழைய தோட்டத்துக்காரர்கள் யாரையாவது பார்த்துவிடலாம். பேச்சு எங்கே தொடங்கினாலும் பெயர்க் குழப்பத்தில் வந்து நிற்கும். “எங்கப்பா பேரு முனுசாமிங்க தம்பி. ஐசியில ஒரு மாதிரி, சூராட் பெரானாவுல ஒரு மாதிரி, செக்ரோலு புத்தகத்துல ஒரு மாதிரி. மூணும் ஒரே ஆளுன்னு நான்தான் சத்தியம் பண்ணணும்” என்றார் ஒரு பெரியவர்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் விஷயம் சிரிப்பதற்கில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். இன்றைக்குக் கொள்ளுப்பேரன் ஓசிஐ எனப்படும் இந்திய வம்சாவளி அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, முன்னோர் இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட அந்தக் காகிதங்கள்தான் ஆதாரம். இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவு கொள்ளுப்பேரப் பிள்ளை வரைக்கும் இடம் தருகிறது. தலைமுறைக்குத் தலைமுறை தந்தை மகன் உறவு காகிதத்தில் ஒட்ட வேண்டும். ஒரு ‘எச்’ எழுத்துக் கூடினாலும் குறைந்தாலும் கேள்வி வரும்.

காகிதம் இருந்தால் திருத்தலாம். தோட்டமே போய்விட்டால்? நீலாய் பக்கம் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பும் கல்லூரிகளும் வந்தபோது, லயத்து மக்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். தோட்ட மருத்துவமனைப் பதிவேடும் ஆயாக் கொட்டகைக் கணக்கும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை. தாமதமாகப் பிறப்பைப் பதிவு செய்ய வருபவரிடம் அதிகாரிகள் சாட்சி கேட்கிறார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி காலமாகிவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எந்த அடுக்குமாடியில் இருக்கிறார் என்று தெரியாது. 2011-இல் அரசு நடத்திய ‘மைடப்தார்’ இயக்கம் இப்படிப்பட்ட ஆவணமற்ற இந்தியர்களைத் தேடிப் பதிவு செய்வதற்காகத்தான் தோட்டங்களுக்குள் வந்தது.

இன்று அதே லயங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். செம்பனைக் குலை வெட்டுகிற இந்தோனேசியத் தம்பதியின் குழந்தை மண்ணில் விளையாடுவதைப் பார்க்கும்போது, எழுபது ஆண்டுக்கு முந்தைய நம் வீட்டுப் படம்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கை மலையகத்தில் 1948-இன் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. இங்கே அப்படி ஒரே வீச்சில் நடக்கவில்லை. விட்டுப்போன ஒவ்வொரு தாளாக நடந்தது.

இன்றைய பெற்றோருக்கு

இதையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வகைக் குடும்பங்கள் இதே சங்கிலியை இன்றைக்கும் கையில் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

முதல் வகை, மலேசியர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் மணந்த குடும்பம். திருமணம் தமிழ்நாட்டில் நடந்தால், 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் அங்கே பதிவு செய்துவிட வேண்டும். மண்டபத்து ரசீதும் அழைப்பிதழும் திருமணப் பத்திரம் ஆகாது. பிறகு இங்கே தேசியப் பதிவுத் துறையிலும் அந்தத் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். திருமணம் மலேசியாவில் என்றால், உதவிப் பதிவாளர் அதிகாரம் பெற்ற கோயில்களும் சங்கங்களும் உண்டு. தாலி கட்டுகிற நாளிலேயே கையெழுத்தும் முடிந்துவிடும். வெளிநாட்டுத் துணைக்கு அவருடைய நாட்டுத் தூதரகத்திலிருந்து திருமணமாகாதவர் என்ற சான்று வேண்டியிருக்கும் என்பதால், முகூர்த்தம் குறிக்கும்போதே அதையும் தொடங்குங்கள். எப்படியானாலும் குழந்தை பிறப்பதற்கு முந்திய தேதி அந்தப் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

இங்கே பிறந்து மலேசியக் குடிமகனாகிவிட்ட பிள்ளைக்கு இந்தியக் கடப்பிதழையும் சேர்த்து எடுத்துவைக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். இரண்டு நாடுகளும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியப் பக்கத்தில் குழந்தையைப் பதிவு செய்யும்போதே, வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். இந்தப் பிள்ளைக்கு உகந்தது மலேசியக் கடப்பிதழும் அதன்மேல் ஓசிஐ அட்டையும்தான். பிள்ளைக்கு 20 வயது ஆகும்வரை புதுக் கடப்பிதழ் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அதன் படியை ஓசிஐ தளத்தில் ஏற்றிவிடுங்கள்.

மலேசியத் தாய்மார் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கும், தந்தைவழியைப் போலவே குடியுரிமை தரும் அரசமைப்புத் திருத்தத்தை 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றியது. அதே திருத்தம், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைத்த வழியை அடைக்கிறது. சிறப்புச் சூழலில் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்கும் 15ஏ பிரிவின் வயது வரம்பையும் 21-லிருந்து 18-ஆகக் குறைக்கிறது. கணவன், மனைவி இருவரிடமும் சிவப்பு அட்டை இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் பிள்ளையின் பிறந்த தேதிக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத்தான் பதிவுத் துறை முகப்பில் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வகை, கணவனும் மனைவியும் இந்தியக் குடிமக்கள். வேலை நிமித்தம் இங்கே இருக்கிறார்கள். குழந்தை சிரம்பானிலோ நீலாயிலோ பிறக்கிறது. இங்கே பிறந்ததாலேயே அந்தக் குழந்தை மலேசியக் குடிமகன் ஆகிவிடாது. மருத்துவமனை தரும் தாளோடு 60 நாட்களுக்குள் தேசியப் பதிவுத் துறையில் பிறப்பைப் பதிவு செய்யுங்கள். அடுத்து, கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்து கடப்பிதழ் கேளுங்கள். பிறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இந்தப் பதிவு நடக்க வேண்டும் என்கிறது இந்தியச் சட்டம். கடப்பிதழ் வந்த கையோடு, பெற்றோரின் வேலை அனுமதியைச் சார்ந்த ‘டிபென்டன்ட் பாஸ்’ குழந்தைக்கும் எடுக்க வேண்டும். இந்த மூன்று படியையும் இதே வரிசையில்தான் ஏற முடியும். பேரப்பிள்ளையைக் காட்ட ஊருக்குப் போகும் டிக்கெட்டை, மூன்றாவது படி முடிந்த பிறகு வாங்குவதே நிம்மதி.

பிள்ளையைப் பார்க்க இந்தியாவிலிருந்து வரும் தாத்தா பாட்டிக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா இல்லாத நுழைவு கிடைக்கிறது. ஆனால் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்பியிருக்க வேண்டும். கைக்குழந்தை கூட வந்தால் அதற்கும் தனியாக நிரப்ப வேண்டும்.

நம் பெயருக்கே உள்ள சிக்கல்

நம் குடும்பங்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலி உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மாவின் கடப்பிதழில் அவருடைய அப்பா பெயர் இருக்கும். பிள்ளையின் கடப்பிதழில் பிள்ளையின் அப்பா பெயர் இருக்கும். மலேசியப் பத்திரத்தில் நடுவில் ‘அ/லெ’, ‘அ/பெ’ வேறு. தாயும் பிள்ளையும் தனியாகப் பயணம் செய்தால், இருவர் பெயரிலும் பொதுவான ஓர் எழுத்துக்கூட இருக்காது. ‘இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன உறவு?’ என்று அதிகாரி கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைக் கடத்தலைத் தடுக்க அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆகவே பிறப்புப் பத்திரத்தின் படி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கட்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதம், அவருடைய கடப்பிதழ்ப் படி, தொலைபேசி எண் மூன்றும் கூடவே போகட்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே ஆங்கில எழுத்துகளை முடிவு செய்து, பதிவுத் துறை, தூதரகம், பள்ளி எல்லா இடத்திலும் அதே எழுத்துகளையே கொடுங்கள். எண்கணிதக்காரர் சொன்னார் என்று இரண்டாம் வயதில் ஓர் எழுத்தைக் கூட்டினால், அந்த எழுத்துக்கு ஆயுள் முழுவதும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். கிராணி காலத்துக் குழப்பத்தை நாமே நம் பிள்ளைக்குச் செய்துவைக்க வேண்டாம்.

தகரப் பெட்டியைத் திறங்கள்

தோட்டத்து வீடுகளில் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பழைய செக்ரோலு புத்தகம், மங்கிய பிறப்புப் பத்திரம், ரஜுலா பயணச்சீட்டின் அடிக்கட்டை, தாத்தாவின் சிவப்பு அட்டை எல்லாம் அதற்குள் கிடக்கும். வீடு மாறும்போது குப்பையோடு குப்பையாகப் போவதும் அந்தப் பெட்டிதான்.

உங்கள் பாட்டி இன்னும் இருக்கிறார் என்றால், அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து வையுங்கள். யார் யாருடைய மகன், எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உறவில் யாராவது இன்னும் பத்திரம் இல்லாமல் இருந்தால், பிரசவத்தைப் பார்த்தவர்களும் பக்கத்து வீட்டில் இருந்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே சிரம்பான் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். சாட்சிக்கும் வயதாகிறது.

கோயிலில் தேங்காய் உடைத்துக் குழந்தைக்குப் பெயர் வைக்கும் நாளில் நாம் பஞ்சாங்கம் பார்க்கிறோம், நட்சத்திரம் பார்க்கிறோம். அதே நாட்காட்டியில், பிறந்த நாளிலிருந்து அறுபதாவது நாளையும் ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிற்காலத்தில் எந்த ஊருக்குப் பறக்க ஆசைப்பட்டாலும், முதல் அடி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.